‘எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது’ என்று மெயில் வந்தால்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கும் கம்ப்யூட்டரும் பார்த்துக்கொள்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு, நாங்கள் ஜிப் வாங்கும் சீனப் பார்ட்டியிடமிருந்து ஒரு மெயில் வந்தது. ‘எங்கள் பழைய கணக்கில் ஆடிட் நடக்கிறது. பாக்கித் தொகையைப் புதிய கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். திருத்திய பி.ஐ. (சரக்குக்கு முன்னால் வரும் புரோஃபார்மா பில்) இணைத்திருக்கிறோம்.’ ஆர்டர் நம்பர் சரி. தொகை சரி. எப்போதும் எழுதும் பெண்ணின் பெயர் சரி. அதுவரை இரண்டு பக்கமும் எழுதிக்கொண்ட மெயில்கள் எல்லாம் கீழே வரிசையாக இருந்தன. பி.ஐ.யில் அவர்களுடைய சிவப்பு முத்திரைகூட இருந்தது.

பணம் போனால்தான் ஜிப் கிளம்பும், ஜிப் வந்தால்தான் ஷிப்மெண்ட் போகும். கணக்குப் பிரிவில் இருந்த அக்கா அன்றைக்கே பேங்கில் ஃபார்ம் கொடுத்து 18,000 டாலர் சொச்சத்தை அனுப்பிவைத்தார். ஒன்பது நாள் கழித்து அந்தப் பார்ட்டி போன் செய்து, “பணம் இன்னும் வரலையே?” என்று கேட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. அந்தப் பணம் திரும்பி வரவே இல்லை.

அலுவலகத்தில் எல்லாரும் அக்காவைத்தான் பேசினார்கள். “ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?” என்றார்கள். அதுவரை யாரும், எந்தப் பணத்துக்கும், போன் போட்டுக் கேட்கும் பழக்கமே எங்களிடம் இருந்ததில்லை. இரண்டு மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டார். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதுதான்.

இந்த மாதிரி மோசடிக்கு ஃபிஷிங் என்று பெயர். மீன் பிடிப்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுத்து மாற்றி எழுதுகிறார்கள். 1990-களில், ஏ.ஓ.எல். இணையச் சேவை அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த காலத்தில் பிறந்த சொல் இது. அந்த நிறுவனத்தின் ஊழியர்போல் நடித்து வாடிக்கையாளர்களிடம் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கினார்கள். தமிழில் தூண்டில் மோசடி என்கிறோம், பொருத்தமான பெயர்தான். தூண்டில் போடுகிறவன் குளத்துக்குள் இறங்குவதில்லை. மீனுக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்து அதை முள்ளில் கோத்து, கரையிலேயே உட்கார்ந்திருக்கிறான். மெயில் மோசடிக்காரனும் உங்கள் கம்ப்யூட்டரை உடைத்துக்கொண்டு வருவதில்லை. கதவை நீங்களே திறக்கும்படி எதையாவது எழுதுகிறான்.

எதை எழுதுவான்? வீட்டில் இருப்பவருக்கு லாட்டரி, பார்சல், கரண்ட் பில். அலுவலகத்தில் இருப்பவருக்கு வேறு. முதலாளி சொன்னால் உடனே செய்ய வேண்டும், பார்ட்டியைக் காக்க வைக்கக் கூடாது, ஆடிட்டர் கேட்டதைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் நல்ல வேலைக்காரரின் குணங்கள். தூண்டிலில் மாட்டப்படுவது இந்த நல்ல குணங்கள்தான். அதனால்தான் ‘கவனமாக இரு’ என்று மட்டும் சொல்லி இதைத் தடுக்க முடியாது என்கிறேன்.

படிப்பு குறைந்தவர்கள் ஏமாறுகிறார்கள் என்ற எண்ணமும் தப்பு. லிதுவேனியா நாட்டைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமசௌஸ்கஸ் என்பவர், தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் நிறுவனத்தின் அதே பெயரில் லாட்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். அந்தப் பெயரில் 2013 முதல் 2015 வரை பில்லும் மெயிலும் அனுப்பி 12 கோடி டாலருக்கு மேல் வாங்கிவிட்டார். பணம் கொடுத்தவர்கள் கூகுளும் ஃபேஸ்புக்கும். 2019-இல் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு 5 வருடச் சிறைத் தண்டனை கொடுத்தது. அக்கா வேலையில் இருந்தபோதே இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

எங்கள் விஷயத்தில் என்ன நடந்தது?

பணம் போன பிறகு உட்கார்ந்து தோண்டினேன். ஆரம்பம் பண மெயிலில் இல்லை, அதற்கு ஏழு வாரம் முன்பு இருந்தது. ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர் தம்பிக்கு ‘உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, 24 மணி நேரத்தில் முடக்கப்படும்’ என்று ஒரு மெயில் வந்திருக்கிறது. அழுத்தினால் லாகின் பக்கம். நாங்கள் தினமும் பார்க்கும் அதே நீலப் பட்டன், அதே எழுத்து. பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறார். ‘தவறான பாஸ்வேர்டு’ என்று வந்திருக்கிறது. மறுபடி போட்டதும் உண்மையான மெயிலே திறந்துகொண்டது. முதல் தடவை தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்து அவர் மறந்தும் போய்விட்டார். முதல் தடவை போட்டது திருடனிடம் போயிருந்தது.

அதற்குப் பிறகு அந்த ஆள் அவசரப்படவில்லை. ஏழு வாரம் சத்தமில்லாமல் படித்திருக்கிறான். யாரிடம் என்ன வாங்குகிறோம், எப்போது பணம் கட்டுகிறோம், அந்தச் சீனப் பெண் கடைசியில் எப்படி நன்றி சொல்லி முடிப்பார் என்பது வரை தெரிந்துகொண்டிருக்கிறான். மெயிலின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தபோது எனக்குக் கை சில்லிட்டுப் போனது. நாங்கள் யாரும் போடாத ஒரு ரூல் அங்கே இருந்தது. அந்தப் பார்ட்டியிடமிருந்து வரும் மெயில் எல்லாம் இன்பாக்ஸுக்கு வராமல், யாருமே திறந்து பார்க்காத ஒரு ஃபோல்டருக்குப் போகும்படி வைத்திருந்தான். ‘பணம் எங்கே?’ என்று அவர்கள் நான்கு முறை கேட்டு எழுதிய மெயில்கள் அங்கேதான் கிடந்தன.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் மெயிலின் செட்டிங்ஸுக்குப் போய், ஃபில்டர் அல்லது ரூல்ஸ் என்ற பகுதியையும் ஃபார்வர்டிங் என்ற பகுதியையும் ஒருமுறை பாருங்கள். நீங்கள் போடாத எதுவும் அங்கே இருக்கக் கூடாது. இரண்டு நிமிட வேலை.

விலாசத்தைப் பின்னாலிருந்து படியுங்கள்

பண மெயில் வந்த விலாசத்தைப் பிறகு பெரிதாக்கிப் பார்த்தோம். பார்ட்டியின் கம்பெனிப் பெயரில் ஆங்கில ‘எம்’ எழுத்து வரும். அந்த இடத்தில் ‘ஆர்’, ‘என்’ என்ற இரண்டு சின்ன எழுத்துகளை ஒட்டி வைத்திருந்தான். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எல் எழுத்துக்குப் பதில் ஒன்று என்ற எண், ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யம், பெயருக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு, ‘.காம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘.கோ’ என்று இதில் பல வகை உண்டு.

அனுப்புகிறவரின் பெயர் என்று தெரிவதை நம்பவே நம்பாதீர்கள். அது அவரே எழுதிக்கொள்வது. தபால் உறையின் பின்னால் ‘அனுப்புநர்’ என்று யார் பெயரை எழுதினாலும் தபால்காரர் கேட்பதில்லையே, அதே மாதிரி. செல்போனில் மெயில் பார்க்கும்போது பெயர் மட்டும்தான் தெரியும். அந்தப் பெயரை விரலால் தொட்டால் முழு விலாசம் விரியும். பணம், பாஸ்வேர்டு, ஆவணம் என்று எதைக் கேட்டு மெயில் வந்தாலும் அதைத் தொட்டுப் பாருங்கள். முடிந்தால் அப்படிப்பட்ட மெயிலுக்குப் போனிலிருந்து பதில் போடவே வேண்டாம். மேஜைக்கு வந்து பெரிய திரையில் பாருங்கள்.

விலாசத்தைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. வீட்டு விலாசம் எழுதும்போது கதவு எண், தெரு என்று தொடங்கி ஊரில் முடிப்போம். ஆனால் தபாலைப் பிரிக்கிறவர் முதலில் ஊரைத்தான் பார்ப்பார். இணைய விலாசத்திலும் ஊர் கடைசியில்தான் இருக்கிறது. மெயில் என்றால் ‘அட்’ குறிக்குப் பின்னால் இருப்பதை எடுங்கள். லிங்க் என்றால் முதல் ஒற்றைச் சாய்கோடு வரைக்கும் எடுங்கள். பிறகு வலது ஓரத்திலிருந்து இடப்பக்கமாக வாருங்கள். ‘மைக்ரோசாஃப்ட்.மெயில்சரிபார்ப்பு.காம்’ என்று இருந்தால் அதன் சொந்தக்காரர் மைக்ரோசாஃப்ட் இல்லை, ‘மெயில்சரிபார்ப்பு.காம்’ என்பதை வாங்கியவர். முன்னால் இருக்கும் பெயர் வாசலில் மாட்டிய போர்டு மாதிரி, யாரும் மாட்டலாம். ‘.கோ.இன்’ மாதிரி முடிந்தால் மட்டும் இன்னும் ஒரு சொல் இடப்பக்கம் போய்ப் பாருங்கள்.

இந்திய வங்கிகள் தங்கள் இணையதளங்களை ‘.பேங்க்.இன்’ என்று முடியும் விலாசத்துக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அப்படி முடியும் விலாசம் வங்கிகளுக்கு மட்டுமே கொடுக்கப்படுகிறது. எனவே வங்கியின் லிங்க் என்று ஏதாவது வந்தால் கடைசிச் சொற்களைப் பாருங்கள். அரசு என்றால் ‘.கவ்.இன்’ அல்லது ‘.நிக்.இன்’.

இன்னொரு சின்ன விஷயம். விலாசம் சரியாக இருந்தும் ‘ரிப்ளை’ அழுத்தியவுடன் மேலே வேறொரு விலாசம் வந்து உட்காரும் மெயில்கள் உண்டு. பதில் எழுதும் முன் அந்த வரியையும் ஒரு பார்வை பாருங்கள்.

லிங்க், ஓ.டி.பி., இணைப்பு

லிங்க் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருக்கிறதே, பயமில்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நீங்கள் தட்டுவதை நடுவழியில் யாரும் படிக்க முடியாது என்பதுதான் பூட்டுக்கு அர்த்தம். எதிர்முனையில் இருப்பவர் யோக்கியர் என்று அது சொல்லவில்லை. திருடனும் பூட்டு வாங்கலாம், இலவசமாகவே கிடைக்கிறது.

ஓ.டி.பி. இருக்கிறதே என்பது அடுத்த நம்பிக்கை. இரண்டடுக்குப் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும், அது இருந்திருந்தால் எங்கள் தம்பியின் பாஸ்வேர்டு மட்டும் போய் எதுவும் ஆகியிருக்காது. அதை எல்லாருக்கும் போட்டுவைக்க வேண்டிய பொறுப்பு என்னுடையது, நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஆனால் பொய்யான லாகின் பக்கத்தில் ஓ.டி.பி.யையும் நீங்களே தட்டினால், அடுத்த முனையில் அதை அந்த நொடியே உண்மையான தளத்தில் போட்டு உள்ளே போய்விடுவார்கள். இதற்கு மசியாதது பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் டிஜிட்டல் சாவி), அல்லது யு.எஸ்.பி.யில் செருகும் பாதுகாப்புச் சாவி. அது உண்மையான விலாசத்தில் மட்டுமே வேலை செய்யும், எழுத்து மாறிய விலாசத்தில் அசையாது. கூகுள் தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு இந்தச் சாவியைக் கட்டாயமாக்கிய பிறகு, யாருடைய அலுவலகக் கணக்கும் ஃபிஷிங்கில் பறிபோகவில்லை என்று 2018-இல் சொன்னது. பாஸ்வேர்டைச் சேமித்துவைக்கும் மேனேஜரும் இதே மாதிரி உதவும். எப்போதும் தானே நிரப்பும் பாஸ்வேர்டு ஒரு பக்கத்தில் மட்டும் வந்து உட்காரவில்லை என்றால், நீங்களாகத் தட்டாதீர்கள். விலாசத்தைப் பாருங்கள்.

இணைப்புகளைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். ஜிப் ஃபைலும் அதற்கான பாஸ்வேர்டும் ஒரே மெயிலில் வந்தால் திறக்க வேண்டாம். வைரஸ் தேடும் மென்பொருள் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அப்படிப் பூட்டி அனுப்புவது வழக்கம்.

எழுத்துப்பிழையும் நேரமும்

மோசடி மெயிலில் எழுத்துப்பிழை இருக்கும் என்று பத்து வருடத்துக்கு முன் சொல்லிக்கொடுத்தோம். இப்போது ஏ.ஐ. எழுதித் தருகிறது. ஆங்கிலமும் சுத்தமாக இருக்கிறது, தமிழும் சுத்தமாக இருக்கிறது. பிழை இருந்தால் சந்தேகப்படுங்கள். பிழை இல்லை என்பதற்காக நம்பாதீர்கள்.

ஒரே ஒரு எழுத்துப்பிழை 2 கோடி டாலரைக் காப்பாற்றிய சம்பவமும் உண்டு. வங்கதேசத்தின் மத்திய வங்கியில் சிலருக்கு 2015 ஜனவரியில் வேலை கேட்டு மெயில் வந்தது. பயோடேட்டாவைப் பார்க்க ஒரு லிங்க். அதைச் சிலர் திறந்தார்கள். திருடர்கள் ஒரு வருடம் உள்ளேயே இருந்துவிட்டு, 2016 பிப்ரவரி 4 அன்று, நியூயார்க்கில் இருந்த அந்த வங்கியின் கணக்கிலிருந்து 35 உத்தரவுகள் மூலம் சுமார் 95 கோடி டாலரை எடுக்கப் பார்த்தார்கள். பெரும்பாலானவை தடுக்கப்பட்டன. 8 கோடியே 10 லட்சம் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கையில் ஷாலிகா ஃபவுண்டேஷன் என்ற பெயருக்குப் போக வேண்டிய 2 கோடி மட்டும் நடுவில் நின்றது. ஃபவுண்டேஷன் என்பதை ‘ஃபேண்டேஷன்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து, வழியிலிருந்த வங்கி விளக்கம் கேட்டதுதான் காரணம்.

அவர்கள் நாள் பார்த்த விதத்தைக் கவனியுங்கள். பிப்ரவரி 4 வியாழக்கிழமை. வங்கதேசத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை. அடுத்து அமெரிக்காவில் சனியும் ஞாயிறும் விடுமுறை. திங்கள் சீனப் புத்தாண்டு, பிலிப்பைன்ஸில் விடுமுறை. ஒருவர் கேள்வி கேட்டால் இன்னொருவர் பதில் சொல்ல ஆள் இல்லாத நாட்களை எண்ணி வைத்திருந்தார்கள். நம் ஊரிலும் அப்படித்தான். தீபாவளிக்கு முன் போனஸ் பட்டியல் என்று வரும், ஃபார்ம் 16 சமயத்தில் வருமானவரி ரீஃபண்ட் என்று வரும், சனிக்கிழமை சாயங்காலம் பேங்க் மூடுவதற்கு முன் முதலாளி பெயரில் அவசரம் என்று வரும். அவசரப்படுத்துகிற மெயிலை அவசரமில்லாமல் பாருங்கள்.

வரி நோட்டீஸ் என்று வந்தால் பயப்படாமல் ஆவண அடையாள எண்ணைத் தேடுங்கள். வருமானவரித் துறை 2019 அக்டோபர் முதல், தான் அனுப்பும் கடிதங்களுக்கு இந்த எண்ணைப் போடுகிறது. மெயிலில் உள்ள லிங்க்கைத் தொடாமல், நீங்களே துறையின் இணையதளத்துக்குப் போய் அந்த எண் உண்மையா என்று பார்க்கலாம்.

வேறு வழியில் கேளுங்கள்

மேலே சொன்னது அத்தனையும் தெரிந்திருந்தும் ஏமாறலாம். பார்ட்டியின் உண்மையான மெயில் பெட்டியே திருடன் கையில் இருந்தால் விலாசத்தில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. ஹாங்காங்கில் அரூப் என்ற கட்டுமானப் பொறியியல் நிறுவனத்தில் 2024 தொடக்கத்தில் நடந்தது இன்னும் மோசம். பிரிட்டனில் இருக்கும் தலைமை நிதி அதிகாரி பெயரில், ரகசியமாகப் பணம் அனுப்ப வேண்டும் என்று மெயில் வந்தது. அந்த ஊழியர் சரியாகவே சந்தேகப்பட்டார். பிறகு வீடியோ காலில் கூப்பிட்டார்கள். தெரிந்த முகங்கள், தெரிந்த குரல்கள். எல்லாம் ஏ.ஐ. செய்த போலிகள். சந்தேகம் தீர்ந்து 15 தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். நம் நாட்டில், 2022-இல் புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட்டில், தலைமைச் செயல் அதிகாரி பெயரில் வந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி 1 கோடியே 1 லட்சம் ரூபாய் போனது.

அரூப் ஊழியரைக் கூப்பிட்டது யார் என்று பாருங்கள். அவர்களே கூப்பிட்டார்கள். சந்தேகம் வந்தால் நாம்தான் கூப்பிட வேண்டும், அதுவும் நம்மிடம் முன்பே இருக்கும் நம்பருக்கு. மெயிலின் அடியில் இருக்கும் நம்பரைக் கூப்பிட்டால் திருடனே எடுத்து ‘ஆமாம், கணக்கு மாறியிருக்கிறது’ என்பான். பி.ஐ.யில் இருக்கும் நம்பரும் அப்படித்தான், அது அவன் தயாரித்தது. பழைய பில், விசிட்டிங் கார்டு, முன்பு பேசிய கால் லிஸ்ட், இவற்றிலிருந்து எடுங்கள். கணக்கு எண்ணை நீங்கள் படித்துக் காட்டாதீர்கள், அவர்களைச் சொல்லச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாட்டிக்கொண்டால்

பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டோம் என்று சந்தேகம் வந்த நிமிடமே வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து அதை மாற்றுங்கள். எல்லா இடத்திலும் லாக் அவுட் செய்யும் வசதியை அழுத்துங்கள். முன்னே சொன்ன ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் பாருங்கள். அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கும் மாற்றுங்கள். சிஸ்டம் பார்ப்பவரிடம் உடனே சொல்லுங்கள், மெயிலை அழித்துவிடாதீர்கள். அதுதான் ஆதாரம்.

பணம் போயிருந்தால் முதல் போன் உங்கள் பேங்குக்கு. வெளிநாட்டுக்கு அனுப்பியது என்றால் பணத்தைத் திரும்ப அழைக்க, வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் மூலம் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த போன் 1930. இந்திய அரசின் சைபர் நிதிமோசடிக்கான உதவி எண் இது. பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுவதற்குள் நிறுத்திவைக்க அதனால் முடியும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். இதில் எல்லாமே மணிக்கணக்கில் நடக்க வேண்டும். எங்களுக்கு ஒன்பது நாள் போய்விட்டது.

ஆனால் மாட்டியவர் வாய் திறந்தால்தான் இதெல்லாம் நடக்கும். எங்கள் மெர்ச்சண்டைசர் தம்பிக்கு அந்த லாகின் பக்கம் அன்றைக்கே லேசாக உறுத்தியிருக்கிறது. ‘சொன்னால் திட்டுவாங்க’ என்று விட்டுவிட்டாராம். பணம் போனது தெரிந்த பிறகு என்னிடம் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் அலுவலகம் இழந்த பணத்தில் பெரும்பங்கு அந்தப் பயத்தில்தான் போனது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது கணக்குப் பிரிவு மேஜையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு பார்ட்டியின் போன் நம்பரும் கையால் எழுதியது. கணக்கு எண் மாற்றம் என்று எது வந்தாலும் அந்த நம்பருக்குப் பேசி, பேசியவர் பெயர், தேதி, நேரம் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பேங்குக்கு ஃபார்ம் போகும். முதலாளியும் இதற்கு ஒத்துக்கொண்டார்.

போன மாதம் இரவு எட்டு மணிக்கு முதலாளியிடமிருந்து ஒரு மெயில். காலையில் முதல் வேலையாக ஒரு புதிய டையிங் யூனிட்டுக்கு நாலு லட்சம் ஆர்.டி.ஜி.எஸ். போட வேண்டும் என்று. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆன பெண், நோட்டில் இருந்த நம்பரைப் பார்த்து அவருக்கே போன் போட்டாள். “சார், இந்த மெயில் நீங்கதான் அனுப்புனீங்களா?” என்று கேட்டாள். பக்கத்தில் நின்றிருந்த எனக்கே கொஞ்சம் பதற்றமாக இருந்தது.

“நான்தாம்மா அனுப்புனேன். கேட்டதுக்கு சந்தோசம். நோட்டுல எழுதிக்கோ, எட்டு அஞ்சுக்கு நான் பேசுனேன்னு” என்றார்.